ஏஎம்டி காரில் கிளட்ச் மாற்றும் நேரம் வந்துவிட்டதா? அறிகுறி வாரியாகச் சோதிக்கும் முறை

சேலத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்குக் கிளட்ச் வேலை குறைவதில்லை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலையின் 70 வளைவுகளும் அந்த வேலையை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. 2014இல் மாருதியின் செலேரியோ காருடன் ஏஎம்டி, அதாவது கிளட்சையும் கியரையும் தானாகவே இயக்கும் கியர்பாக்ஸ், இந்தியச் சிறிய கார்களுக்குள் வந்த பிறகு, இந்த வேலையில் ஒரு புதுக் குழப்பமும் சேர்ந்துகொண்டது. காலடியில் கிளட்ச் பெடல் இல்லாததால் வண்டியில் கிளட்சே இல்லை என்று நினைப்பவர்கள் ஒருபுறம் இருக்கிறார்கள். வண்டி லேசாகக் குலுங்கினாலும் "கிளட்ச் போய்விட்டது" என்று யாரோ சொல்லக் கேட்டுவிட்டு வந்து, அன்றே கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவர்கள் மறுபுறம். சாதாரண கியர் வண்டியில் இருக்கும் அதே உலர்ந்த ஒற்றை கிளட்ச் பிளேட்தான் ஏஎம்டியிலும் இருக்கிறது; உங்கள் இடது காலுக்குப் பதிலாக ஒரு ஆக்சுவேட்டர் அதை அமுக்கி விடுகிறது. பிளேட் தேயலாம், அமுக்கும் ஆக்சுவேட்டர் பழுதாகலாம், அல்லது அதற்குக் கட்டளையிடும் கணினி பழைய அளவையே நம்பிக்கொண்டிருக்கலாம். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே, கிளட்ச் நழுவுகிறது, அதாவது பிளேட் முழுதாகப் பிடிக்காமல் வழுக்குகிறது என்று நிரூபித்த பிறகே கிளட்சை மாற்ற வேண்டும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பேட்டரியைப் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.2க்குக் கீழே இருந்தால் பாதிச் சார்ஜ்கூட இல்லை என்று பொருள். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். ஏஎம்டியின் பம்பும் மோட்டாரும் மின்சாரத்தில் இயங்குபவை என்பதால், பேட்டரி சோர்ந்தால் கிளட்ச் சோர்ந்ததைப் போலவே வண்டி நடந்துகொள்ளும்.

## அறிகுறி 1: இன்ஜின் இரைகிறது, வேகம் ஏறவில்லை

தேய்ந்த கிளட்சின் நேரடி அடையாளம் இதுதான் என்பதால் இங்கே அவசரப்படாமல் சோதிக்க வேண்டும்.

### அழுத்தியவுடன் கியர் எண் மாறுகிறதா?

ஆக்சிலரேட்டரை ஆழமாக அழுத்தினால், வேகமெடுப்பதற்காக ஏஎம்டி தானாகவே ஒரு கியர் இறங்கும். அப்போது இன்ஜின் சத்தம் திடீரென உயரும். வேகம் ஓரிரு விநாடி கழித்துத்தான் ஏறும். திரையில் 4 என்றிருந்தது 3 ஆனால் அது கியர் மாற்றம், நழுவல் அல்ல. கியர் மாறும் இடைவெளியில் வண்டி ஒரு கணம் தயங்குவதும் இந்த வகை கியர்பாக்ஸின் இயல்புதான். கிளட்சை மாற்றினால் அந்தத் தயக்கம் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

### எண் மாறவில்லை, ஆனால் ஆர்பிஎம் ஓடுகிறது

இருபது நிமிடம் ஓட்டிச் சூடான வண்டியில், போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில், எண்களைக் குறிக்க ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த விகிதச் சோதனையைச் செய்யுங்கள். கியரை நாமே மாற்றும் எம் (M) நிலைக்கு மாற்றி மூன்றாம் கியரில் நிதானமாக 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஆர்பிஎம் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை) எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கியரில் கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும் வரை, வேகமும் ஆர்பிஎம்மும் ஒரே விகிதத்தில்தான் உயர முடியும். 40இல் 2,400 என்றால் 60இல் 3,600 வர வேண்டும். இந்தக் கணக்கை எந்தக் காரும் மீற முடியாது. பிறகு ஆக்சிலரேட்டரை முக்கால் பங்கு அழுத்தி 60 வரை இழுங்கள். அழுத்தியதும் முள் சில நூறு ஆர்பிஎம் துள்ளி மேலே போய், வேகம் பின்னால் ஏறி வந்து சேர்ந்தாலோ, 60இல் கணக்குப்படி வர வேண்டியதைவிடக் கூடுதலாகக் காட்டினாலோ, கிளட்ச் நழுவுகிறது.

இதையே நான்காம் கியரிலும் செய்யுங்கள். மேல் கியரில்தான் கிளட்சின் மீது சுமை அதிகம் விழும் என்பதால் நழுவல் அங்கேதான் முதலில் தலைகாட்டும். முதல் கியரில் எதுவுமே தெரியாமல் இருக்கலாம். இதற்கிடையே வண்டி தானாகக் கியரை இறக்கிவிட்டால் அந்த முயற்சியைக் கணக்கில் சேர்க்காமல் மீண்டும் ஓட்டுங்கள். ஆர்பிஎம் முள் இல்லாத காரில், வண்டியின் கணினியோடு இணைக்கும் ஓபிடி துளையில் செருகும் சிறிய கருவி கைபேசியிலேயே எண்ணைக் காட்டும்.

கை பிரேக்கை இழுத்து, மேல் கியரில் போட்டு, இன்ஜின் அணைகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை ஏஎம்டியில் செய்யாதீர்கள். கணினி கிளட்சைத் தானே திறந்துவிடும் என்பதால் அது எதையும் நிரூபிக்காது. பிளேட் சூடாவதுதான் மிச்சம்.

### விகிதம் சரியாக இருக்கிறது, ஆனால் இழுவை இல்லை

அப்படியானால் குற்றவாளி கிளட்ச் அல்ல. காற்று வடிகட்டி, எரிபொருள், பிடித்துக்கொண்ட பிரேக் என்று அந்த வழியில் தேடுங்கள்.

### விகிதம் தவறுகிறது

செலவு குறைந்த காரணத்திலிருந்து தொடங்குங்கள். முதலில், ஏஎம்டிக்குள் பேசக்கூடிய ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்தில் கிளட்ச் கற்றலை மறுபடி செய்யச் சொல்லுங்கள். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது, எங்கே முழுதாக மூடுகிறது என்பதைக் கணினிக்கு மறுபடி அளந்துகொடுக்கும் வேலை இது. பிளேட் தேயத் தேய அந்த இடங்கள் நகரும். கணினி பழைய இடத்தையே பிடித்துக்கொண்டிருந்தால், இன்னும் உயிருள்ள பிளேட்கூட அரைகுறையாக மூடி நழுவும். அதன் பிறகும் நழுவினால், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பகுதியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகிப் பிளேட் நனைந்தால் தேயாமலேயே நழுவும். அங்கே பிளேட்டோடு சீலையும் மாற்றாவிட்டால் புதிய பிளேட்டும் நனைந்து போகும். கசிவும் இல்லை, கற்றலும் முடிந்தது, இரண்டு தனித்தனி நாட்களில் விகிதச் சோதனை தோற்றது என்றால் கிளட்சை மாற்றுங்கள். இனித் தள்ளிப்போடக் கூடாது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நழுவும் பிளேட் ஒவ்வொரு ஏற்றத்திலும், தான் அழுந்தி நிற்கும் இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலைச் சுடுகிறது. பிளேட், உராயும் படலமான லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணி வரை தேய்ந்தால் ரிவெட் தலைகள் ஃப்ளைவீலில் வட்டம் வட்டமாகக் கோடு கிழித்துவிடும். லேத்தில் கடையத் தேவையில்லாத ஃப்ளைவீலைக் கடைய வேண்டிவரும், அல்லது மாற்றவே வேண்டிவரும். நழுவல் உறுதியான வண்டியில் குடும்பத்தோடு மலை ஏறாதீர்கள். பாதி வளைவில் வண்டி இழுவை இழந்து, பின்னால் பேருந்து வந்து நிற்கும்போது செய்ய எதுவும் இருக்காது.

## அறிகுறி 2: கருகல் வாடை

ஏற்றத்திலோ நெடுநேர நெரிசலிலோ ஒரே ஒரு முறை வந்த வாடை, கிளட்ச் முடிந்துவிட்டது என்பதற்குச் சாட்சி ஆகாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு விகிதச் சோதனையில் தேறினால் தொடர்ந்து ஓட்டலாம். திரையில் கிளட்ச் சூடு எச்சரிக்கையோ பீப் ஒலியோ வந்தால், அதைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து ஓட்டுவதுதான் பிளேட்டைக் கருக்கும் மிக வேகமான வழி.

சமதளத்தில், சாதாரண ஓட்டத்தில் வாடை வந்தால் கீழே குனிந்து பார்க்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த ஒரு சிறிய காரை எங்களிடம் கொண்டுவந்தபோது, வேறோர் இடத்தில் கிளட்ச் மாற்றச் சொல்லி எழுதிய மதிப்பீட்டுத் தாளும் உரிமையாளர் கையில் இருந்தது. விகிதச் சோதனையில் ஆர்பிஎம் சற்றும் பிசகவில்லை. நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைத் தொடாமல் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன்னிரண்டும் இதமான சூட்டில் இருக்க, இடது பின்சக்கரத்துக்கு அருகே கையை நிறுத்தவே முடியவில்லை. கை பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து, விடுவித்த பிறகும் திரும்பாமல், டிரம்முக்குள் லைனிங்கை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கேபிளையும் லைனிங்கையும் மாற்றியதோடு வாடை நின்றது. கியர்பாக்ஸை நாங்கள் தொடவே இல்லை. சைலன்சரில் ஒட்டி உருகிய பிளாஸ்டிக் பையும், அதன்மீது சொட்டும் எண்ணெயும் இதே போல ஏமாற்றும்.

வாடை பழக்கத்தால் வருகிறதா என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைப்பது ஏஎம்டியின் கிளட்சுக்கு மிகக் கொடிய பழக்கம். டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில் அந்தச் சூடு அதன் எண்ணெயின் வழியாகப் போய்விடும். இங்கே அத்தனையையும் ஓர் உலர்ந்த பிளேட் தாங்க வேண்டும். நெரிசலில் முன்வண்டியின் வாலை ஒட்டி அங்குலம் அங்குலமாக ஊர்வதும் அதே வகைதான். சற்று இடைவெளி விட்டு, சேர்ந்தாற்போல் ஒரு தடவை நகருங்கள்.

## அறிகுறி 3: நகரத் தொடங்கும்போது உதறல்

முதலில் உதறல் எந்த வேகத்தில் வருகிறது என்று கவனியுங்கள். பிரேக்கை விட்டதிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர் வேகம் வரை மட்டும் உதறி, பிறகு சுத்தமாக நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கும் இடத்தைச் சந்தேகிக்கலாம். 40, 50 கிலோமீட்டரிலும் தொடர்ந்தால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட், சக்கரம், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் என்ற பக்கம் போக வேண்டும்.

### மழைக்கோ வாட்டர் சர்வீஸுக்கோ பிறகு, காலையில் மட்டும்

பிளேட்டில் படிந்த ஈரம் காரணமாக இருக்கலாம். நாலைந்து முறை நகர்ந்து நின்றால் போய்விடும். செலவு எதுவும் இல்லை.

### என் (N, நியூட்ரல்) நிலையில் நிற்கும்போதே இன்ஜின் நடுங்குகிறது

ஸ்பார்க் பிளக், காயில், த்ராட்டில் சுத்தம் ஆகியவற்றை முதலில் முடியுங்கள். ஒரு சிலிண்டர் தவறினால், நகரும் தருணத்தில் அது அப்படியே கிளட்ச் உதறலாகத் தெரியும்.

### இன்ஜின் சீராக இருக்கிறது, நகரும்போது மட்டும்

மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு டியிலும் (D, முன்னோக்கி) ஆரிலும் (R, பின்னோக்கி) மாற்றி மாற்றிப் போட்டு, இன்ஜின் எவ்வளவு புரள்கிறது என்று பார்ப்பது மற்ற ஆட்டோமேட்டிக்குகளுக்கு நல்ல சோதனை. ஏஎம்டியில் அது வீண். பிரேக் மிதித்திருக்கும்போது கிளட்ச் திறந்தே இருப்பதால், மவுண்ட் கிழிந்திருந்தாலும் இன்ஜின் அசையாது. வண்டியைத் தூக்கி, ரப்பரைக் கண்ணால் பார்த்து, கம்பியால் நெம்பித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

மவுண்டும் நன்றாக இருந்தால் கிளட்ச் கற்றலைச் செய்யச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காமல், பின்னோக்கி ஏற்றத்தில் எடுக்கும்போது வண்டியே அதிர்கிற அளவுக்கு உதறினால், பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது ஃப்ளைவீலில் சூட்டுத் திட்டுகள் விழுந்திருக்கலாம். இரண்டையும் கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்க முடியும். லேசான உதறல் மட்டும் இருந்து விகிதச் சோதனை தேறினால், நான் உடனே இறக்கச் சொல்வதில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

## அறிகுறி 4: கியர் விழவில்லை, திரையில் N எழுத்து மினுக்குகிறது

இங்கே தேய்ந்த கிளட்ச் பட்டியலின் கடைசியில்தான் வரும். ஆனாலும் தேவையில்லாமல் மாற்றப்பட்ட கிளட்ச்களை அதிகம் பார்த்தது இந்த அறிகுறியில்தான்.

பேட்டரியைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டோம். அதன் முனைகள் துருவேறாமல் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அடுத்து பிரேக் விளக்கு. பெடலை மிதிக்கும்போது பின்விளக்கு எரியவில்லை என்றால் பிரேக் சுவிட்ச் பழுதாகியிருக்கலாம்; நீங்கள் பிரேக் மிதித்திருப்பதே கணினிக்குத் தெரியாததால் அது கியர் போட மறுக்கிறது. மிகச் சிறிய செலவில் முடியும் வேலை இது.

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வகை ஏஎம்டிகளில், ஓட்டுநர் கதவைத் திறந்ததும் பம்ப் சில விநாடிகள் முனகி நிற்பதைக் கேட்கலாம். முனகலே இல்லை என்றால் பியூஸ், ரிலே, பம்ப் மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் பம்ப் விடாமல் முனகினால், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் களைத்திருக்கலாம், அல்லது எண்ணெய் எங்கோ கசியலாம். கிண்ணத்தில் எண்ணெய் மட்டம் குறைந்திருந்தால், கையில் கிடைக்கிறது என்று பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள்; அது வேறு வகை எண்ணெய், உள்ளே இருக்கும் சீல்களைக் கெடுத்து ஆக்சுவேட்டர் முழுவதையும் மாற்றும் செலவில் கொண்டுவிடும். வண்டியின் கையேட்டில் எழுதியிருப்பதை மட்டும் ஊற்ற வேண்டும்.

இதற்குமேல் நீங்கள் கைவைக்க வேண்டாம். டயரில் இருக்கும் காற்று 2 பார் சொச்சம். ஹைட்ராலிக் ஏஎம்டியின் எண்ணெய்க் குழாய்களுக்குள் இருப்பது 40 பார் அளவிலான அழுத்தம். இன்ஜினை அணைத்த பிறகும் அது உள்ளே நிற்கும். ஸ்கேனரால் அழுத்தத்தை இறக்கத் தெரிந்தவர் மட்டுமே அவற்றைக் கழற்ற வேண்டும். பிழைக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் அவற்றைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அழித்த பிறகு யாராலும் எதையும் சொல்ல முடியாது.

## அறிகுறி 5: ஏற்றத்தில் பின்னுக்கு உருள்கிறது

ஏற்றத்தில் பிடித்து நிற்கும் ஹில் ஹோல்ட் வசதி இல்லாத ஏஎம்டி உருளத்தான் செய்யும். கை பிரேக்கைப் பயன்படுத்துங்கள். சமதளத்தில் பிரேக்கை விட்டால் முன்பு தானாக ஊர்ந்த வண்டி இப்போது ஊரவில்லை என்றால் மட்டும் கிளட்ச் கற்றலைச் செய்யச் சொல்லுங்கள்.

## மாற்றுவது என்று முடிவான பிறகு

எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். 40,000 கிலோமீட்டரிலேயே ரிவெட் தெரியும் அளவுக்குத் தேய்த்தவர்களும் எங்களிடம் வந்திருக்கிறார்கள், 1 லட்சம் தாண்டியும் அதே பிளேட்டில் ஓட்டுபவர்களும் வருகிறார்கள். மீட்டரை மட்டும் பார்த்து நான் யாருக்கும் கிளட்ச் மாற்றச் சொல்வதில்லை. ஸ்கேனர் காட்டும் தேய்மான எண்ணும் அப்படியே. அது விகிதச் சோதனையோடு ஒத்துப்போனால் மட்டுமே நம்பத் தகுந்தது.

கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் இந்த வேலையில் பெரும்பங்கு என்பதால், பிளேட்டை மட்டும் மாற்றி, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும் விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் விட்டுவைப்பது சிக்கனம் ஆகாது. மூன்றையும் ஒரு செட்டாகப் போடுங்கள். ஃப்ளைவீலைத் துடைத்து உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். டீசல் வண்டிகள் சிலவற்றில் இருக்கும், இரு பகுதிகளை ஸ்பிரிங்கால் இணைத்த இரட்டை ஃப்ளைவீலை லேத்தில் கடையச் சம்மதிக்காதீர்கள். ஆக்சுவேட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று சொன்னால், அதற்கான பிழைக் குறியீட்டையோ அழுத்த அளவையோ காட்டச் சொல்லிக் கேளுங்கள். கிளட்ச் செட்டைவிடப் பன்மடங்கு விலையுள்ள பொருள் அது, அனுமானத்தில் மாற்றத் தக்கது அல்ல.

வேலையைக் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: "முடித்த பிறகு கிளட்ச் கற்றலைச் செய்ய உங்களிடம் கருவி இருக்கிறதா?" இல்லை என்றால், எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக்காக இருந்தாலும் அங்கே கொடுக்காதீர்கள். புதிய தடித்த பிளேட்டின் மீது, பழைய தேய்ந்த பிளேட்டின் அளவுகளை வைத்துக்கொண்டு கணினி வேலை செய்தால், வண்டி எகிறி நகரும், நின்றுபோகும். புதிய பிளேட்டே சில வாரங்களில் கருகத் தொடங்கும். வண்டியை எடுக்கும்போது நீங்களே ஓட்டி, அதே விகிதச் சோதனையை மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் செய்து பாருங்கள்.

பழைய பிளேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரு பக்கமும் சமமாகத் தேய்ந்து, ரிவெட் தலைக்கு மேலே அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே லைனிங் மிஞ்சியிருந்தால், அது தன் காலத்தை முடித்துத்தான் கழன்றிருக்கிறது. லைனிங் தடிமனாக இருந்தும் மேற்பரப்பு பளபளவென்று கறுத்து, பிரஷர் பிளேட் நீலம் பாய்ந்திருந்தால், அதைச் சுட்டது ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரில் நிறுத்தும் பழக்கமாகவோ, கணினிக்குள் நின்றுபோன தவறான அளவாகவோ இருக்கும். விரலை வைத்தால் எண்ணெய்ப் பிசுபிசுப்பு ஒட்டினால், சீல் மாற்றப்பட்டதா என்று அங்கேயே, வண்டியை வெளியே எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.